மூக்கனேரித் திட்டுகளில் எலி மருந்து வைக்கலாமா?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். தினமும் காலையில் மூக்கனேரிக் கரையில் நடக்கிற ஏழெட்டுப் பேர் நாங்கள். ஏரிக்குள் இருக்கும் மண்திட்டு மரங்களில் கொக்கு, வக்கா, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டுகின்றன. போன பருவத்தில் ஒரு திட்டில் இறங்கிப் பார்த்தபோது உடைந்த முட்டை ஓடுகள் நிறையக் கிடந்தன. எலி ஓடுவதையும் பார்த்தோம். வெளிநாட்டில் தீவுகளில் எலிகளை அடியோடு ஒழித்துப் பறவைகளைக் காப்பாற்றியதாக ஒரு காணொளி வந்தது. அதேபோல் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பரிசலில் போய் மருந்து வைக்கலாம் என்று யோசனை. எந்த மருந்து, எவ்வளவு? கீரிப்பிள்ளை இரண்டைக் கொண்டுவந்து விட்டாலே போதும் என்கிறார் எங்களில் ஒருவர். அது சரிதானா?

பதில்: மருந்து வேண்டாம், கீரியும் வேண்டாம். சேர்த்த பணத்தை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

காணொளியில் ஹெலிகாப்டரின் அடியில் தொங்கும் வாளியிலிருந்து மருந்து உருண்டைகள் கொட்டினவா? அப்படியானால் அது தெற்கு ஜார்ஜியாவாக இருக்கலாம். அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் கிடக்கும் தீவு. சீல் வேட்டைக்கும் திமிங்கில வேட்டைக்கும் போன கப்பல்களில் வந்திறங்கிய எலிகள், அங்கே தரையிலும் வளையிலும் முட்டையிடும் பறவைகளை ஏறத்தாழ இருநூறு வருடமாகத் தின்றுகொண்டிருந்தன. 2011இல் தொடங்கி 2015 வரை, மூன்று கட்டமாகச் சுமார் 300 டன் மருந்தைத் தூவினார்கள். அதோடு விட்டுவிடவில்லை. மோப்ப நாய்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே தேடிப் பார்த்துவிட்டு, 2018 மே மாதம்தான் எலி இல்லை என்று அறிவித்தார்கள். இது கைகூடியதில் பனியாறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எலியால் பனியாற்றைத் தாண்ட முடியாது. அதனால் தீவே சுவர் வைத்துத் தடுத்த அறைகள்போல் இருந்தது. ஓர் அறையைக் காலி செய்தால் அடுத்த அறை எலி அங்கே வந்து குடியேறாது.

இந்த வேலையில் இருப்பவர்கள் மருந்தின் பெயரைப் பேசுவதற்கு முன்னால் கேட்பது இதைத்தான்: ஒழித்தபின் மறுபடி வர வழி இருக்கிறதா? ஒவ்வொரு எலிக்கும் மருந்து எட்ட வேண்டும், அவை பெருகும் வேகத்தை நாம் முந்த வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. ஆனால் மூக்கனேரியில் அதுவரை போகவே வேண்டாம், முதல் கேள்வியிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது.

ஒரு எலியின் கதை சொல்கிறேன். 2004இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள், எலியே இல்லாத ஒரு சின்னத் தீவில், கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய ஒற்றை ஆண் எலியை வேண்டுமென்றே விட்டார்கள். அந்தத் தீவு 9.5 ஹெக்டேர், அதாவது 23 ஏக்கர் சொச்சம். ஒரே ஒரு எலி, அதுவும் பட்டை கட்டியது, தேடுகிறவர்கள் இதையே தொழிலாகக் கொண்டவர்கள். பொறி, மருந்து, பயிற்சி பெற்ற நாய் எல்லாவற்றுக்கும் அது தண்ணி காட்டியது. நடுவில் 400 மீட்டர் கடலை நீந்தி அடுத்த தீவுக்கே போய்விட்டது. கடைசியில் பென்குயின் இறைச்சி வைத்த பொறியில்தான் சிக்கியது, விட்டதிலிருந்து 18 வாரம் கழித்து.

மூக்கனேரி மொத்தமே ஏறத்தாழ 58 ஏக்கர். 2010 வாக்கில் ஏரியைத் தூர்வாரியபோது எடுத்த மண்ணைக் குவித்துச் செய்தவை உங்கள் திட்டுகள். கரையிலிருந்து அவற்றுக்கு உள்ள தூரம் எலிக்கு ஒரு பொருட்டே இல்லை. கோடையில் தண்ணீர் வற்றினால் நீந்தக்கூட வேண்டாம், நாய், பூனை எல்லாம் நடந்தே போகும். இன்று மருந்து வைத்து ஒரு திட்டைத் துடைத்து எடுத்தாலும் சில நாளில் கரை எலி அங்கே குடிவந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதை அந்தக் காணொளியில் சொல்லியிருக்க மாட்டார்கள். உலகத் தீவுகளில் வில்லனாகத் திரிகிற எலிகளில் ஒன்று நம்ம வீட்டெலிதான். அதன் பூர்வீகமே இந்தியத் துணைக்கண்டம். 1918இல் ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோ தீவில் ஒரு கப்பல் தரைதட்டியபோது கரையேறிய இந்த எலி, சில ஆண்டுகளுக்குள் அந்தத் தீவுக்கே உரிய ஐந்து பறவை வகைகளை இல்லாமல் செய்துவிட்டது. அங்குள்ள பறவைகள் அதற்கு முன் எலியைக் கண்டதே இல்லை. நம்ம ஊர்க் கொக்கும் வக்காவும் அப்படியா? எலி, சாரைப்பாம்பு, கீரி, காகம் எல்லாவற்றோடும் வாழ்ந்து பழகியவை. உயரத்தில், கூட்டமாக, தண்ணீர் சூழ்ந்த மரத்தில் கூடு வைப்பதே அதற்காகத்தான். சில முட்டை போவது அவற்றின் கணக்கில் உள்ளதுதான். கூட்டமே கலைந்து போகிற அளவுக்கு இழப்பு இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

மருந்து ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களில் யாராவது ஒருவர் செவ்வாய்ப்பேட்டை கடையில் வாங்கிக்கொண்டு போய் வைத்துவிடுவார். கடைகளில் கேக் போலக் கிடைக்கும் புரோமாடியோலோன் ரத்தம் உறையாமல் செய்வது. தின்றதும் எலிக்கு ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் சாகும். தாமதம் வேண்டுமென்றே வைத்ததுதான். உடனே வயிறு வலித்தால் எலி சந்தேகப்பட்டு அப்புறம் அந்தப் பக்கமே வராது. ஆனால் அந்தச் சில நாளும் அது மந்தமாக, பட்டப்பகலில்கூட வெளியே திரியும். பருந்துக்கும் கூகைக்கும் சாரைப்பாம்புக்கும் அதைவிடச் சுலபமான இரை ஏது? மருந்து எலியின் ஈரலில் தங்கி அடுத்த வயிற்றுக்குப் போகும். 2008இல் அலாஸ்காவில் ஒரு தீவில் இதே வகையைச் சேர்ந்த மருந்தை முறையாகத் திட்டமிட்டுத்தான் தூவினார்கள். எலிகள் ஒழிந்தன. கூடவே 300க்கு மேற்பட்ட கடற்காகங்களும் 46 வெண்தலைக் கழுகுகளும் செத்துக் கிடந்தன. அது ஆளில்லாத தீவு. உங்கள் ஏரிக்கரையில் ஆடு மேய்கிறது, பையன்கள் மீன் பிடிக்கிறார்கள். துத்தநாகப் பாஸ்பைடு இன்னும் மோசம், தின்றது எதுவானாலும் கொல்லும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை நினைக்கவே வேண்டாம். அதற்கு மாற்று மருந்தே கிடையாது, தமிழ்நாடு அரசு தடையும் போட்டிருக்கிறது.

கீரி யோசனை சொன்ன நண்பருக்கு: இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1883இல் கரும்புத் தோட்ட எலிகளை ஒழிக்க ஹவாய்க்குக் கீரியைக் கொண்டுபோனார்கள். எலி ராத்திரியில் திரியும், கீரி பகலில். இரண்டும் சந்தித்ததே குறைவு, பறவை முட்டைதான் காலியானது. ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவில் 1979இல் பாம்பை ஒழிக்க விட்ட சுமார் 30 கீரிகள் பெருகி, அங்கும் பக்கத்துத் தீவான டோகுனோஷிமாவிலும் மட்டுமே வாழும் முயலைத் தின்னத் தொடங்கின. கடைசிக் கீரியும் போய்விட்டது என்று அறிவிக்க 2024 வரை ஆனது. போகட்டும், நம்ம ஊரில் கீரியைப் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, என்னதான் செய்வது? முதலில் திருடன் யாரென்று பாருங்கள். எலியைப் பார்த்தீர்கள், உடைந்த முட்டையையும் பார்த்தீர்கள், ஆனால் உடைத்ததைப் பார்க்கவில்லை. எனக்கு என்னவோ காகத்தின் மேல்தான் சந்தேகம். கூட்டில் பறவை உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் திட்டில் இறங்கினால் தாய்ப்பறவை எழுந்து பறக்கும், மேலே காகம் அதற்காகவே காத்திருக்கும். போன பருவத்தில் நீங்கள் இறங்கிப் பார்த்த அன்றும் சில முட்டைகள் போயிருக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதைச் செய்திருக்கிறேன். கூடு இருக்கும் காலத்தில் கரையிலிருந்து பைனாகுலரில் மட்டும் பாருங்கள்.

குஞ்சுகள் பறந்துபோன பிறகு, ஏரிக்குப் பொறுப்பான அலுவலகத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, தடத்தட்டு வையுங்கள். ஒரு பழைய ஓடு, அதன்மேல் மெல்லிசாகச் சலித்த கோலமாவு, மழை படாமல் வளைத்த தகரம் ஒன்று, நடுவில் கடலை மிட்டாய்த் துண்டு. சாயங்காலம் வைத்து விடிந்ததும் பாருங்கள், நாலு ராத்திரி தொடர்ந்து. எலிக்கு முன்காலில் நாலு விரல், பின்காலில் அஞ்சு. பூனைத் தடம் வட்டமாக இருக்கும், நகம் பதியாது. நாய்க்கு நகம் பதியும். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு நண்பரின் காபித் தோட்டத்தில் கோழிமுட்டை காணாமல் போய்க்கொண்டிருந்தது. எலிதான் என்று ஆறு பொறி வாங்கிவிட்டார். நாங்கள் மாவு தூவி வைத்த மூன்றாவது ராத்திரி, அஞ்சு விரலும் அழுந்தப் பதிந்த தடம், பக்கத்தில் ஒரு காபிப்பழத் தோல். வந்தவர் மரநாய். பொறிகள் இன்னும் கொட்டகையில்தான் தொங்குகின்றன.

தடம் எலியுடையதுதான் என்றால் பணத்தை எடுக்கலாம். தென்னந்தோப்பில் எலி ஏறாமல் மரத்தைச் சுற்றித் தகடு கட்டுவார்கள் இல்லையா, அதேதான். கூடு இருக்கும் மரங்களின் அடிமரத்தில், ஆள் உயரத்தில், ஒன்றரை அடி அகலத் தகட்டைச் சுற்றிக் கட்டுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், மரம் பருக்க இடம்விட்டுக் கம்பியால் கட்டி வருடத்துக்கு ஒருமுறை தளர்த்துங்கள். பக்கத்து மரக்கிளை தொட்டுக்கொண்டிருந்தால் தகடு வீண், எலி மேல்வழியாக வந்துவிடும். இதெல்லாம் வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைவதற்குள் முடிய வேண்டும். கோடையில் திட்டைச் சுற்றி மண் மேவிய இடங்களை ஆழப்படுத்தச் சொல்லி மனுவிலேயே சேர்த்துக் கேளுங்கள். எலியைத் தடுக்காவிட்டாலும் நாயும் பூனையும் நடந்து போவதைத் தடுக்கும்.

மிச்ச வேலை கரையில். கோழிக்கடைக் கழிவு மூட்டை, மீனுக்குப் போடுகிறோம் என்று கொட்டும் பொரி, படையல் இலை. எலியையும் காகத்தையும் தெருநாயையும் ஏரிக்கரையில் வைத்து வளர்ப்பது இவைதான். ஏழெட்டுப் பேர் தினமும் அந்த வழியே நடக்கிறீர்கள், யார் எந்த நேரத்தில் கொட்டுகிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தட்டுக்குக் கோலமாவு வாங்கும்போது கல்மாவாகக் கேட்டு வாங்குங்கள். அரிசி மாவு வைத்தால் விடிவதற்குள் எறும்பு வந்து தடத்தோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும்.