அது சேவையா?

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை கூடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா, கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம், சுருக்கமாக என்.ஏ.ஏ.சி.பி., என்ற சிவில் உரிமை அமைப்பின் ஊர்க் கிளை நடத்திய ஆண்டு விருந்துக்குப் போய்வந்து, அங்கே சமூக சேவை விருது பெற்றவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அதைப் படித்ததும், அந்த அமைப்பைப் பாராட்டி ஒரு கூட்டம் நடத்தி, அதே மேடையில் எங்கள் பகுதியைச் சேர்ந்த நான்கு பேருக்குச் சமூக சேவை விருது வழங்க முடிவு செய்தோம். தன் பையில் ரேஷன் அரிசி எடை குறைந்ததைக் கேட்கப்போய்த் தெரு முழுவதற்கும் சேர்த்துப் போராடிய ஓர் அம்மா, தகவல் அறியும் உரிமை மனுக்கள் எழுதித் தரும் ஓய்வு பெற்ற எழுத்தர், கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களோடு நிற்கும் ஒரு பெண், மாலையில் இலவச வகுப்பு நடத்தும் ஓர் இளைஞர் ஆகியோர் அந்த நால்வர். சென்னையில் அமெரிக்க அமைப்பு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். சிறப்பு விருந்தினராக அரசியல்வாதியை அழைக்கலாமா? உரிமைக்காகப் போராடுகிறவர்கள் விருது வாங்குவது சரியா? பாராட்டு மடல்களின் வரைவை இணைத்திருக்கிறேன். திருத்தித் தந்தால் மகிழ்வேன்.

எஸ்., வியாசர்பாடி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று, பரணிலிருந்து இறக்கிய ஒரு தகரப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய பாராட்டு மடல் ஒன்றின் தட்டச்சுப் படி அதில் கிடைத்தது. அதில் ஆறு இடங்களில் ஒரே சொல் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. நீங்கள் அனுப்பிய வரைவில் அதே சொல்லை ஏழு இடங்களில் பார்த்ததும், உங்களுக்கு மட்டும் தனி மடலில் பதில் எழுதினால் போதாது என்று தோன்றியது.

எளிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சென்னையில் அமெரிக்க அமைப்பு எதற்கு என்று கேட்பவர்களோடு அதிகம் வாதாட வேண்டாம். 1913-இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது, அதே நியூயார்க் நகரில் அந்த அமைப்புக்கு வயது நான்கு. 1946-இல் அவர் அதன் நிறுவனர்களில் ஒருவரான டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்களின் சார்பில் ஐக்கிய நாடுகள் அவையிடம் அளிக்கப்பட்ட மனுவின் படிகளைக் கேட்டார்; தீண்டப்படாத மக்களின் சார்பிலும் அப்படியொரு மனுவை அளிக்கும் எண்ணம் இங்கே இருந்தது. அவர் கேட்டது வாழ்த்துச் செய்தியை அன்று, மனுவின் படியை என்பதைக் கவனியுங்கள். தவிரவும், அந்த அமைப்பின் பெயரிலேயே ‘முன்னேற்றம்’ என்ற சொல் இருக்கிறது. அதை அந்நியம் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது.

சிறப்பு விருந்தினராக யாரை வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளுங்கள். அவர் தாமதமாக வருவார், வந்ததும் பேசிவிட்டுப் போய்விடுவார், விருது பெற்றவர் பேசும்போது பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். இதற்கு எதிராக நான் எழுதாத பத்திரிகை இல்லை, ஒன்றும் நடக்கவில்லை.

விருது வாங்கலாமா என்றால், வாங்கலாம். அந்த அமைப்பின் மிக உயர்ந்த விருதான ஸ்பிங்கார்ன் பதக்கம் 1915 முதல் வழங்கப்படுகிறது. 1952-இல் அது ஹாரி மூர் என்ற பள்ளி ஆசிரியருக்கு அளிக்கப்பட்டது. புளோரிடாவில் கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டும், கும்பல் கொலைகளுக்கு விசாரணை கேட்டும் ஓயாமல் கடிதம் எழுதியவர் அவர். 1946-இல் அவருடைய வேலை பறிபோனது. 1951 டிசம்பர் 25 இரவு, அவருடைய படுக்கையறைக்கு அடியில் வைக்கப்பட்ட குண்டு வெடித்தது. அவர் அன்றிரவே இறந்தார், மனைவி ஹாரியட் ஒன்பது நாள் கழித்து இறந்தார். பதக்கத்தை வாங்க அவர் இல்லை. பதினேழு ஆண்டுகள் கழித்து, அதே டிசம்பர் 25 இரவில், நம் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். உயிரோடு இருப்பவரின் கையில் கொடுக்க முடிகிறது என்பதே பெரிய விஷயம். கொடுங்கள்; அவர்கள் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள்.

இனி உங்கள் வரைவு. ‘தன்னலம் கருதாது ஏழை எளியோர்க்குச் சேவையாற்றிவரும் தியாகச் சுடர்’ என்று ரேஷன் கடை அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இதை அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினீர்களா? தன் வீட்டுக்கு வரவேண்டிய அரிசி குறைந்ததால்தான் அவர் கடை வாசலில் நின்றார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் தன்னலம் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். தன் பையில் குறைந்ததைக் கேட்டவர், அடுத்த பையில் குறைந்ததையும் சேர்த்துக் கேட்டார் என்பதுதான் அவருடைய பெருமை. அந்தப் பெருமையை எடுத்துவிட்டு, கேட்க வந்தவரைக் கொடுக்க வந்தவராக மாற்றி, கையில் ஒரு விளக்கையும் கொடுத்து நிறுத்திவிட்டீர்கள். படித்தவர் செய்யும் பிழை இது. நானும் செய்தேன் என்பதால் சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் திருவல்லிக்கேணியில், ஒரு மேன்ஷனின் மாடியில், சிவில் உரிமை அமைப்பு ஒன்றின் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு தட்டச்சுப் பொறி, சுவரை மறைத்துக்கொண்டு நின்ற கோப்புக் கட்டுகள், அவ்வளவுதான். உண்மை அறியும் குழுக்கள் ஊர்களுக்குப் போய்த் திரும்பியதும் அவர்களுடைய குறிப்புகளை அறிக்கையாக்குவதும், மனுக்களைப் பதிவுத் தபாலில் அனுப்பி, திரும்பி வரும் ஒப்புகை அட்டைகளைத் தேதி வாரியாகக் கட்டி வைப்பதும் ஒரு பெரியவரின் வேலை. உங்கள் விருதாளர் ஒருவரைப் போலவே அவரும் ஓய்வு பெற்ற எழுத்தர். அந்த அமைப்பின் பெயரால் மேடைகளில் பேசியவர்களை ஊர் அறியும்; இவரைத் தபால்காரர் அறிவார். அவருக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் பிடிவாதம் பிடித்தோம். எழும்பூரில் ஓர் அரங்கு கிடைத்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, என் தமிழின் மீது அளவு கடந்த நம்பிக்கை. மடலை நான்தான் எழுதினேன், நான்தான் உரத்த குரலில் வாசித்தேன். பெரியவர் பொன்னாடையை வாங்கி நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கூப்பிட்டனுப்பினார். தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, மடலின் படியை மேசைமேல் வைத்தார். பிரமாணப் பத்திரத்தில் பிழை திருத்துவதைப் போல, ‘சேவை’ என்ற சொல்லை ஆறு இடங்களிலும் சிவப்பு மையால் அடித்து, முதல் அடித்தலின் ஓரத்தில் ‘யாருக்கு?’ என்று எழுதியிருந்தார். காவலில் இறந்த ஓர் இளைஞனின் அக்கா அப்போது அந்த அலுவலகத்துக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்தார். அவரைக் குறிப்பிட்டுத்தான் பெரியவர் பேசினார். “அந்தப் பெண்ணுக்கு நான் என்ன கொடுத்தேன், தம்பி? இறந்துபோன அவருடைய தம்பியின் பிரேதப் பரிசோதனை அறிக்கையை அவருக்குக் கொடுக்க வேண்டியது அரசாங்கம். அது கொடுக்கவில்லை. நான் பதினொரு முறை எழுதிக் கேட்டேன். கேட்டதற்குப் பெயர் சேவை என்றால், கொடுக்காமல் வைத்திருந்தாரே ஒருவர், அவர் செய்ததற்கு என்ன பெயர் வைப்பாய்?” எனக்குப் பதில் இல்லை. முப்பது ஆண்டுகளாகத் தேடியும் கிடைக்கவில்லை.

சேவை என்று எழுதியவுடன் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் வாங்குகிறார். காட்சியில் மூன்றாமவர் இல்லை. எடையைக் குறைத்தவரும், கோப்பை அமுக்கியவரும், ஆளைக் குழிக்குள் இறக்கிவிட்ட ஒப்பந்ததாரரும் அந்த ஒரு சொல்லின் மறைவில் நழுவிப் போய்விடுகிறார்கள். சில வேளைகளில் அவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டவும் செய்கிறார்கள்.

பள்ளிக்கூடச் சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1956 முதல் நமக்குப் பழக்கமான ஒன்று என்பதால், அது ஏதோ ஒரு தலைவரின் கருணை என்றே இன்றும் மேடைகளில் பேசுகிறோம். 2001 ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகம், ராஜஸ்தானில் மக்கள் வறட்சியில் பட்டினி கிடக்க, அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்ததைக் காட்டி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள், அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு தரப்பட வேண்டும் என்று நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது. கருணையாக வந்த சோறு ஒரு நாள் வராவிட்டால் பிள்ளை பசியோடு வீடு திரும்பும்; ஆணையின்படி வர வேண்டிய சோறு வராவிட்டால் அதன் தாய் கேள்வி கேட்கலாம். அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் ஒரு பிடி அரிசியும் யாருக்கும் அள்ளிப் போடவில்லை. அவர்களுடைய மடலில் ‘அன்னதானம்’ என்று எழுதுவீர்களா?

உங்கள் பட்டியலில் மூன்றாவதாக உள்ள பெண்ணைப் பற்றிய வரைவைப் படித்தபோதுதான் உண்மையில் கோபம் வந்தது. ‘தூய்மைப் பணியாளர் குடும்பங்களின் கண்ணீரைத் துடைக்கும் அன்புக்கரம்’ என்கிறீர்கள். தூய்மைத் தொழிலாளர்களின் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-இல் தொடுத்த வழக்கில், 2014 மார்ச் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடைக் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. அந்தக் குடும்பங்களோடு நிற்கும் ஒருவர், இறப்புச் சான்றிதழையும் முதல் தகவல் அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு அலுவலகப் படிகள் ஏறி இறங்குவது இந்தத் தீர்ப்பு சொன்னதை வாங்குவதற்கு. கண்ணீரைத் துடைக்க வீட்டில் முந்தானை இருக்கிறது. 2020 மார்ச் 22 மாலையில் நாடே வாசலில் நின்று கைதட்டியது. அதே ஆண்டில் இங்கே துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. பெயர் மாறியது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெயரையும் கைதட்டலையும் கேட்காமலே கொடுத்துவிடுகிற நாம், கேட்டதைக் கொடுக்க மட்டும் பதினோரு ஆண்டுகள் வழக்கு நடத்துகிறோம்.

நீங்கள் கொண்டாடப் போகும் அமைப்பு இதில் தெளிவாக இருந்தது. 1958-இல் அது ஸ்பிங்கார்ன் பதக்கத்தை, லிட்டில் ராக் நகரில் போராட்டத்தை முன்னின்று நடத்திய டெய்சி பேட்ஸுக்கும், அங்கே படித்த ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வழங்கியது. அந்தப் பிள்ளைகள் செய்தது என்ன? பள்ளிக்கூடம் போனார்கள். 1957-இல், வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குள், இராணுவத்தின் காவலோடு போனார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவதைச் சேவை என்று எந்த மொழியில் எழுத முடியும்? அதே அமைப்பின் மான்ட்கமரி கிளையில் ரோசா பார்க்ஸ் 1943 முதல் செயலாளர். பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்த 1955-க்கு வெகுகாலம் முன்பே, வன்கொடுமைக்கு ஆளானவர்களின் வாக்குமூலங்களை ஊர் ஊராகப் போய் எழுதி வாங்கியவர். அவரைக் களைத்துப்போன தையல்காரப் பெண் என்று மட்டும் நாம் பாடப்புத்தகத் தொனியில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கோப்பு வைத்திருப்பவர் கண்ணில் படுவதில்லை, அங்கேயும்.

திருவல்லிக்கேணிப் பெரியவரிடம் இன்னொரு திட்டும் வாங்கினேன். அந்த அக்கா விழாவுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை மேடைக்கு அழைத்துப் பெயர் சொல்லிப் பாராட்ட எழுந்தவனைப் பெரியவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “அவர் நாளைக்கு அதே தெருவில், அதே காவல் நிலையத்தைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும்” என்றார். 1956-இல் அலபாமா மாநிலம் என்.ஏ.ஏ.சி.பி.யின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது, கொடுத்தால் அவர்களுடைய வேலையும் வீடும் போகும் என்று அறிந்த அமைப்பு பெயர்களைத் தர மறுத்தது. ஒரு லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1958-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அமைப்பின் பக்கம் நின்றது. இதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, என் கையைப் பிடித்த அந்தப் பிடி நினைவுக்கு வந்தது. ஆகவே நால்வரின் முகங்களையும் ஃபிளெக்ஸில் அச்சடிக்குமுன் ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். முக்கியமாக அந்த மூன்றாமவரை.

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர் செய்வது சேவைதான். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. அவருக்கு உங்கள் வரைவு அப்படியே பொருந்தும், ‘சுடர்’ மட்டும் வேண்டாம். மற்ற மூவருக்கும் மடல் எழுத ஒரு வழி சொல்கிறேன்: அவர்கள் எதைக் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எத்தனை முறை கேட்டார்கள், கிடைத்ததா என்று மட்டும் எழுதுங்கள். தேதிகளை எழுத்தர் ஐயாவிடம் கேளுங்கள், வைத்திருப்பார். விருதின் பெயரை என்ன செய்வது என்று நீங்களே கூடிப் பேசிக்கொள்ளுங்கள். நான் சொன்னேன் என்று மாற்ற வேண்டாம்.

கூட்டம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று எழுத மறந்துவிட்டீர்கள். தேதியை எழுதுங்கள், வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடுகிறேன். எனக்குப் பொன்னாடை வாங்க வைத்திருக்கும் பணத்தில், எழுத்தர் ஐயாவுக்குத் தபால் செலவுக்கு ஏதாவது கொடுங்கள். அவர் வாங்க மறுத்தால், யாருடைய மனுவுக்கு என்று கணக்கு எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்.