யாருமே படிக்காத வெப்சைட்டில் உங்கள் கடைப் பெயர் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஆன்லைனில் கடை போடுவதைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் கரையிலிருந்துதான்: தொண்டி, பாம்பன், கீழக்கரை, சாயல்குடி என்று. கேட்டிருப்பதும் ஏறக்குறைய ஒரே விஷயம், லிங்க் விற்கவும் விளம்பரம் காட்டவும் ஆளை ஏமாற்றவும் என்றே கட்டிய குப்பை வெப்சைட்டுகளை என்ன செய்வது என்று. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் சொன்னதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

நாங்கள் கருவாடு வியாபாரம் செய்கிறோம். மகள் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தாள். ஒருத்தர் போன் பண்ணி, 6,000 ரூபாய் கொடுத்தால் 500 வெப்சைட்டில் எங்கள் லிங்க்கைப் போடுவேன், மூணு மாசத்தில் கூகுளில் முதல் இடம் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, பாம்பன்

கொடுக்காதீர்கள் அக்கா. முதல் இடம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது, அதனால் அந்த ஒரு வாக்கியத்திலேயே ஆளை எடை போட்டுவிடலாம்.

இந்த லிங்க் வியாபாரம் எங்கிருந்து முளைத்தது என்றால், 1998இல் லாரி பேஜும் செர்கெய் பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அவர்களுடைய அடிப்படைக் கணக்கு இதுதான்: ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் லிங்க் கொடுத்தால் அது அந்தப் பக்கத்துக்கு விழுந்த ஓட்டு, நல்ல பக்கம் கொடுத்த லிங்க் என்றால் ஓட்டுக்கு மதிப்பு இன்னும் கூடுதல். நல்ல யோசனைதான், ஆனால் ஓட்டுக்கு மதிப்பு என்று தெரிந்த உடனே அதை விலைக்கு விற்க ஆள் வந்துவிட்டார்கள், யாரும் படிக்காத ஆயிரக்கணக்கான வெப்சைட்டுகளை லிங்க் விற்பதற்கென்றே கட்டினார்கள். கூகுள் 2012 ஏப்ரலில் தன் தேடல் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அப்படி லிங்க் வாங்கிய கடைகளைப் பின்னால் தள்ளியது. 2016க்கு அப்புறம் பெரும்பாலும் தண்டிப்பதுகூட இல்லை, அந்த லிங்க்குகளைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அதாவது உங்கள் 6,000 ரூபாய்க்கு நடக்கப்போவது ஒன்றுமே இல்லை, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

ஒன்று செய்யுங்கள். அந்த 500இல் ஏதாவது ஐந்து வெப்சைட்டின் பெயரை மட்டும் முதலில் அனுப்பச் சொல்லுங்கள். மகளோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் முடி உதிர்வு, அடுத்ததில் பிட்காயின், அதற்கடுத்து தனிநபர் கடன், நடுவில் உங்கள் நெத்திலி. கூலிக்கு ஆள் பிடித்துக் கல்யாணப் பந்தலில் உட்கார வைத்தால் பந்தி நிறையும், மொய் வராது. அவர் உடனே 'டி.ஏ. 60 மேடம், 70 மேடம்' என்று ஒரு எண்ணைச் சொல்லுவார். அது டொமைன் அத்தாரிட்டி, மாஸ் என்கிற தனியார் கம்பெனி 100க்குப் போடுகிற மதிப்பெண். கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் அதைச் செயற்கையாக ஏற்றி விற்பது இவர்களுக்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

சரி, அந்தக் காசை வைத்து என்ன செய்யலாம்? கருவாடு வாங்குகிறவர் போனில் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று யோசியுங்கள். மண் இருக்குமா, உப்பு தூக்கலா, தலை கிள்ளினதா, மணலில் காய வைத்ததா பரண் கட்டிக் காய வைத்ததா, பார்சலில் நாற்றம் அடிக்குமா, கொரியர்காரன் வாங்குவானா, ஃபிரிட்ஜில் வைக்காமல் எத்தனை நாள் தாங்கும். இந்த ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் வாயால் சொல்லுகிற பதிலை மகள் அப்படியே எழுதட்டும். நெத்திலி, வாளை, திருக்கை, சீலா ஒவ்வொன்றுக்கும் உங்கள் கையால் எடுத்த போட்டோ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, அந்தச் சமயம் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று ஒரு பத்தி. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம், அதை அடியில் போடுங்கள். மிச்சக் காசில் நல்ல வேக்குவம் பாக்கெட் வாங்குங்கள். சமையல் வீடியோ போடுகிற பெண்கள் இரண்டு மூன்று பேருக்குக் கால் கிலோ அனுப்பி வையுங்கள், பிடித்திருந்தால் சொல்லட்டும். அப்படி ஒருவர் உண்மையாகக் கொடுக்கிற ஒரு லிங்க் போதும்.

எங்கள் லாட்ஜ் பெயரைக் கூகுளில் போட்டால் எங்கள் போட்டோவோடு வேறு ஏதோ வெப்சைட் வருகிறது, நம்பர் எங்களுடையது இல்லை. இரண்டு குடும்பம் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்து வாசலில் சண்டை போட்டார்கள்.
– வாசகர், ராமேஸ்வரம்

இது வெறும் குப்பை வெப்சைட் இல்லை, திருட்டு. ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களில் பலர் வடநாட்டிலிருந்து ராத்திரி ரயிலில், வயசானவர்களோடு வருகிறார்கள், நாலு மணிக்கு அக்னி தீர்த்தம், அப்புறம் உள்ளே 22 தீர்த்தம் என்று திட்டம், தங்க இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் முன்கூட்டியே பணம் கட்டிவிடுவார்கள். அந்தப் பயத்தை நம்பித்தான் இந்தக் கும்பல் பிழைக்கிறது.

முதலில் கூகுள் மேப்ஸில் உங்கள் லாட்ஜை நீங்களே உரிமை கோரி வெரிஃபை செய்திருக்கிறீர்களா? காசு கிடையாது. செய்யாமல் விட்டால், வழியில் போகிறவன்கூட 'திருத்தம் பரிந்துரை' என்று போய் உங்கள் நம்பரை மாற்றச் சொல்லி அனுப்பலாம், சில சமயம் அது ஏறியும்விடும். வெரிஃபை செய்த பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை நம்பரைச் சரிபாருங்கள். அடுத்து, பணம் போனவர்களை உடனே 1930க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ அவ்வளவு சீக்கிரம் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. நீங்களும் உங்கள் பெயரில் தனியாக ஒரு புகார் கொடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு 'லாட்ஜ்காரனும் கூட்டு' என்று பேச்சு வரும். அந்த வெப்சைட் எந்தக் கம்பெனியில் டொமைன் (வெப்சைட் முகவரி) வாங்கியது என்று ஹூஇஸ் என்கிற இணையத் தேடலில் தெரியும், அவர்களுக்கும் புகார் அனுப்பலாம். பலன் கிடைக்க நாளாகலாம்.

ரிசப்ஷனிலும் வெப்சைட்டிலும் மூன்று மொழியில் ஒரே வரி: அட்வான்ஸ் லாட்ஜ் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும். தனி ஆள் பெயரில் ஜிபே காட்டினால் அது நாங்கள் இல்லை. இந்தியில் கட்டாயம் போடுங்கள்.

கருப்பட்டிக்குக் கூகுளில் விளம்பரம் கொடுத்தேன். 4,000 ரூபாய் போனது, 900 கிளிக் என்று காட்டுகிறது, ஒரு ஆர்டர்கூட இல்லை. கிளிக் பண்ணினவர்கள் யார்?
– வாசகர், சாயல்குடி

பாதிப் பேர் கேம் விளையாடிய குழந்தைகளாக இருக்கும் என்பது என் ஊகம். விளம்பரக் கணக்கில் 'விளம்பரம் எங்கே தெரிந்தது' என்ற அறிக்கை இருக்கிறது, அதைத் திறங்கள். மொபைல் கேம், டார்ச் லைட் ஆப், பெயரே வாயில் நுழையாத வெப்சைட்டுகள் என்று ஒரு பட்டியல் வரும். தேடல் விளம்பரம் போடும்போதே 'டிஸ்பிளே நெட்வொர்க்' (மற்ற வெப்சைட்டுகளிலும் ஆப்களிலும் விளம்பரத்தைக் காட்டுவது) என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும், அதை எடுக்காமல் விட்டதுதான் காரணமாக இருக்கலாம்.

விளம்பரத்துக்காகவே கட்டிய வெப்சைட் என்று ஒரு சாதியே இருக்கிறது. பத்து வரி கட்டுரையை இருபது பக்கமாக வெட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு விளம்பரம். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய விளம்பரதாரர்கள் சங்கம் 2023இல் பெரிய கம்பெனிகளின் செலவை ஆராய்ந்தபோது, அந்தப் பணத்தில் 15 சதவீதம் இப்படிப்பட்ட தளங்களுக்குப் போயிருந்தது. விளம்பரத்துக்கென்று தனி இலாகா வைத்திருக்கிறவர்களே ஏமாறும்போது பனங்காட்டிலிருந்து வியாபாரம் பார்க்கிற உங்களை நான் என்ன சொல்ல.

அந்த டிக்கை எடுங்கள். ஆப் வகைகளை மொத்தமாக விலக்குங்கள். இட அமைப்பில் 'இந்த ஊரில் இருப்பவர்கள்' என்பதை மட்டும் வையுங்கள், 'ஆர்வம் காட்டுபவர்கள்' வேண்டாம். 'சாயல்குடி கருப்பட்டி', 'சீனி கலக்காத கருப்பட்டி' என்று தேடுகிறவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி சின்னதாக, நாளுக்கு நூறு ரூபாயில் ஆரம்பியுங்கள். கிளிக் குறையும். குறைந்தால் நல்லது.

அடுத்த மாதம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறோம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே மாதிரி 'பார்க்க வேண்டிய 15 இடங்கள்'. எதை நம்புவது?
– வாசகி, கோவை

சுலபமான சோதனை இரண்டு சொல்கிறேன். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை தார் ரோடு 2017 ஜூலையில் திறந்தாயிற்று, உங்கள் காரிலேயே போகலாம். 'ஜீப்பில் மட்டுமே போக முடியும்' என்று இன்னும் எழுதியிருக்கிற பக்கத்தை எழுதினவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை, பழைய பக்கத்தைக் காப்பி அடித்தவர். இரண்டாவது, 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை பாம்பன் பாலத்தில் ரயிலே ஓடவில்லை, வண்டிகள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நின்றுவிட்டன. நடுவில் 2024 தேதி போட்டு 'பழைய பாலத்தில் ரயில் பயணத்தைத் தவறவிடாதீர்கள்' என்று எழுதிய புண்ணியவான்களும் உண்டு.

தேதியை மட்டும் புதுசாக மாற்றி விஷயத்தைப் பழசாகவே விடுவது இவர்களுடைய வழக்கம். கோயில் சம்பந்தமான கட்டணம், தங்குமிடம் எல்லாம் அறநிலையத்துறையின் 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிற தளத்தில் மட்டும் பாருங்கள். தனுஷ்கோடிக்குப் பகலிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள், பொழுது சாய்ந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

அண்ணா, நான் இங்கே காலேஜில் படிக்கிறேன். ஏஐ வைத்து ஒரு நாளைக்கு 20 கட்டுரை போட்டுக் கொடுத்தால் கட்டுரைக்கு 15 ரூபாய் தருகிறார்கள். என் வேலையும் இந்தக் குப்பையில் சேர்த்தியா?
– வாசகர், ராமநாதபுரம்

ஆமாம் தம்பி, சேர்த்திதான். ஏஐ வைத்து எழுதுவதால் இல்லை. நாளைக்கு 20 என்றால் நீ ஒன்றைக்கூடப் படித்துப் பார்த்து அனுப்பவில்லை என்று அர்த்தம், அதனால். 2024 மார்ச்சில் கூகுள் இதற்கென்றே விதி போட்டது: தேடலில் மேலே வருவதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்கள், மனிதர் எழுதினாலும் மெஷின் எழுதினாலும், ஸ்பேம், அதாவது குப்பை. அந்தச் சமயத்தில் பல வெப்சைட்டுகள் தேடலிலிருந்தே மொத்தமாகக் காணாமல் போயின. உன் முதலாளியின் தளமும் போகலாம், போனால் உன் பாக்கி அவ்வளவுதான், முன்பணம் இல்லாமல் எழுதாதே.

ஃபீஸ் கட்ட அந்த 300 ரூபாய் தேவை என்றால் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உன் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதை விளைவிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒழுங்காக ஒரு பக்கம் இருக்கிறது? காட்டுக்குப் போய் இரண்டு விவசாயிகளிடம் பேசி, போட்டோ எடுத்து, ஒரே ஒரு பக்கம் செய்து, அதைக் கொண்டுபோய்ச் சந்தையில் மண்டி வைத்திருக்கிறவரிடம் காட்டு. 1,500 ரூபாய் கேள். பேரம் பேசுவார், ஆயிரத்துக்குக் கீழே இறங்காதே.

எங்கள் ஊர் சங்கத்துக்கு வெப்சைட் இருந்தது. இரண்டு வருஷமாக யாரும் பார்க்கவில்லை. இப்போது திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. ஹேக் பண்ணிவிட்டார்களா?
– வாசகர், கீழக்கரை

அநேகமாக ஹேக் இல்லை. டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பீர்கள், காலாவதியானதும் வேறு ஒருவர் விலைக்கு வாங்கியிருப்பார். பழைய டொமைனுக்குப் பத்திரிகை, கல்லூரி, வளைகுடாவில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் சங்கம் என்று நல்ல இடங்களிலிருந்து லிங்க் இருக்கும், அந்த நல்ல பெயருக்காகவே இவற்றை வாங்குகிறார்கள். இதுவும் கூகுள் 2024இல் தடை செய்த பட்டியலில் இருக்கிறது, இருந்தும் நடக்கிறது.

திரும்ப வாங்குவது கஷ்டம், கேட்கிற விலையைக் கொடுக்காதீர்கள். புது டொமைன் எடுத்து, சங்கத்தின் பெயரிலேயே, இரண்டு பேருடைய போன் நம்பரைக் கொடுத்துப் பதியுங்கள். வெப்சைட் செய்து கொடுத்த பையன் பெயரில் வேண்டாம், அவன் துபாய் போனதும் பாஸ்வேர்டும் போய்விடும். பழைய முகவரி அச்சடித்த லெட்டர்பேட், நன்கொடை ரசீது, மண்டப வாசல் க்யூஆர் கோடு, ஃபேஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள், ரசீதை முதலில்.

50 பிசினஸ் டைரக்டரியில் கடைப் பெயரைப் பதிந்தால் நல்லதா?
– வாசகர், மண்டபம்

உங்கள் கஸ்டமர் திறந்து பார்க்கிற இரண்டு மூன்றில் போதும். மீதி 47இல் பதிந்தால் உங்களுக்கு வருவது ஆர்டர் இல்லை, லோன் வேண்டுமா என்று கேட்கிற போன்.