முதலாளி மாறினால் மென்பொருள் என்ன ஆகும்? டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறேன். பல வருஷமாக, கடிதம், கணக்கு தயாரிக்கும் இலவச மென்பொருளான ஓப்பன் ஆபிஸ்தான். லிப்ரே ஆபிஸுக்கு மாறச் சொல்கிறான் மகன். இரண்டும் ஒன்றா?

ப: பிறந்த வீடு ஒன்றுதான் அண்ணே. ஓப்பன் ஆபிஸை வளர்த்த சன் நிறுவனத்தை 2010 ஜனவரியில் ஆரக்கிள் வாங்கியது. புது முதலாளியின் போக்கில் நம்பிக்கை இழந்த பலர் அந்த செப்டம்பரிலேயே பிரிந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள். மறு வருஷம் ஆரக்கிள் பழையதை, கட்டற்ற மென்பொருள்களைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. அதற்குள் ஆள்பலம் லிப்ரே ஆபிஸ் பக்கம் வந்துவிட்டது. ஓப்பன் ஆபிஸ் 4.1 வந்தது 2014-இல். அப்புறம் வந்தவை பெரும்பாலும் சிறு திருத்தங்களே. மகன் சொல்வது சரி. ஆனால் முகூர்த்த நேரத்தில் மாறாதீர்கள், ஆடியில் மாறுங்கள். பழைய பத்திரிகை நாலைந்தைத் திறந்து, 'நிகழும் மங்களகரமான' என்ற வரி உடைந்து கீழே இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

கே: ஒருவர் காசு கொடுத்து வாங்கியதை மற்றவர்கள் வேறு பெயரில் நடத்துவது திருட்டில்லையா? (திருத்துறைப்பூண்டி விவசாயி)

ப: இல்லை ஐயா. உங்கள் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ விதை வாங்கியவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விளைந்த மாப்பிள்ளைச் சம்பாவை யாரும் பிடுங்க வரமாட்டார்கள். கட்டற்ற உரிமமும் இந்த வகைதான். பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம் என்று முன்பே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவற்றில் ஜி.பி.எல். என்ற உரிமம் என்றால், திருத்தியதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் (மனிதர் எழுதிய வடிவில் உள்ள நிரல்) அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். புது முதலாளி கைக்குப் போவது பெயரும் சின்னமும் பதிப்புரிமையும். பிரிந்தவர்கள் புதுப் பெயர் வைப்பது அதனால்தான்.

கே: தஞ்சாவூரில் எங்கள் சிறு ஆப்பின் பின்னால் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடுகிறது. அதன் உரிமம் மாறியதால் சிக்கல் வருமா?

ப: வராது தம்பி. 2024 மார்ச்சில் அறிவித்த மாற்றம் 7.4 பதிப்பு முதல்தான். ரெடிஸையே சேவையாக விற்பவர்களைத்தான் அது தடுத்தது. பி.எஸ்.டி. என்ற கட்டற்ற உரிமத்திலிருந்த 7.2.4 பதிப்பை எடுத்து, லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பின் நிழலில் வால்கீ என்ற தனி மென்பொருள் கிளைத்தது. 2025 மே மாதம் ரெடிஸ் 8-இல் ஏ.ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தையும் சேர்த்தார்கள். வால்கீக்குக் கிடைத்த ஆதரவுக்கு அதில் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

கே: மையெஸ்க்யூஎல் படிப்பதா, மரியாடிபியா? (மன்னார்குடி மாணவி)

ப: எதுவானாலும் சரிம்மா. இரண்டும் தரவுத்தள மென்பொருள்கள், மையெஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்ததுதான் மரியாடிபி. அடிப்படை ஒன்றே.

கே: ஒரு மென்பொருளின் உரிமம் இப்படி மாறும் என்று முன்கூட்டியே தெரியுமா?

ப: பதிப்புரிமை யாரிடம் என்று பாருங்கள். நிரல் எழுதித் தருபவர்கள் எல்லோரிடமும் ஒரே நிறுவனம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால், நாளைக்கு உரிமத்தை மாற்றுவது அதற்குச் சுலபம். லிப்ரே ஆபிஸில் எழுதியவரிடமே உரிமை இருக்கிறது. அதைப் பூட்ட நினைப்பவர் ஒவ்வொருவர் வாசலாக ஏறி இறங்க வேண்டும்.