பணம் வாங்கிவிட்டால் பாட்டு கைவிட்டுப் போய்விடுமா?

கேள்வி: நானே எழுதி, மெட்டமைத்து, பாடிய கிராமியப் பாட்டை ஒரு யூடியூப் சேனல் தங்கள் ஸ்டுடியோவில் பதிவுசெய்து வெளியிட்டது. ஜிபேயில் 8,000 ரூபாய் அனுப்பினார்கள். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பாட்டு நன்றாக ஓடுகிறது. பங்கு கேட்டால், "காசு கொடுத்தாச்சு, பாட்டு எங்களுது" என்கிறார்கள். டெலிகிராமில் வேறு இலவசமாகச் சுற்றுகிறது. எனக்கு உரிமை உண்டா?
- வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: உண்டு. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-ன்படி, உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது அடுத்தவருக்குப் போகும். நீங்கள் அங்கே சம்பளத்துக்கு இருந்தவரும் இல்லை. ஆகவே வரிகளும் மெட்டும் இன்றும் உங்களுடையவை. யூடியூபில் போடச் சம்மதித்தது பாட்டையே விற்றதாகாது. ஆனால் அந்த ஒலிப்பதிவு, அதைத் தயாரித்த சேனலுக்குச் சொந்தம். அதை உங்களுடையது என்று நீங்கள் கோர முடியாது.

இன்னொன்று. 2012 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையை எழுதியே கொடுத்திருந்தாலும் பாடலாசிரியர், இசையமைப்பாளருக்குரிய ராயல்டி (பாட்டைப் பயன்படுத்துவதற்குத் தரும் தொகை) சமபங்கை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. நம் கலைஞர்கள் பலருக்கு இது தெரியாததால்தான் 5,000-க்கும் 10,000-க்கும் பாட்டைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

மெட்டு நீங்கள் போட்டதுதானா? ஊரில் காலங்காலமாகப் பாடிவரும் ஒப்பாரி, கும்மி மெட்டு என்றால் அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. வரிகளுக்கு மட்டும் கேட்கலாம். இதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மெட்டை முதன்முதலில் முணுமுணுத்துப் பதிந்த செல்போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். அடித்துத் திருத்திய நோட்டு, வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே விவரம் எல்லாம் சாட்சி. செல்போன் பதிவுகளை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி சான்றிதழ் வேண்டும்.

டெலிகிராம் லிங்குகளைக் குறிப்பிட்டு அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் கிடைத்த 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும் என்பது விதி. 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு வாங்காவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். பகிர்ந்தவர்களை ஒவ்வொருவராகத் துரத்துவதைவிட, வருமானம் பார்க்கும் சேனலிடம் கணக்குக் கேட்பதே உங்களுக்குப் பயன் தரும்.

முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மசியவில்லை என்றால், சேனல் எந்த ஊரில் இருந்தாலும் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 62-ன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நீதிமன்றம். காலவரம்பு 3 ஆண்டு, தள்ளிப்போடாதீர்கள். கட்டணத்துக்கு வழியில்லை என்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். தகுதி இருந்தால் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.