ஜப்பானில் சுற்ற ரயில் பாஸ் கட்டாயமா?

கேள்வி: நான், மனைவி, பத்து வயது மகள் மூவரும் டூர் குழு எதிலும் சேராமல் நவம்பரில் ஜப்பான் செல்கிறோம். டோக்கியோவில் நான்கு நாள், கியோட்டோவில் மூன்று நாள், ஒசாகாவில் இரண்டு நாள் தங்கிவிட்டு, மறுபடி டோக்கியோ வந்து விமானம் ஏறுகிறோம். ‘ஏழு நாள் ஜே.ஆர். பாஸ் இல்லாமல் அங்கே நகரவே முடியாது, விசாவுக்கும் அது உதவும்’ என்று சொல்லி டிராவல் ஏஜென்ட் முன்பணம் வாங்கிவிட்டார். வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்காதீர்கள். விசாவுக்கு உதவும் என்பது சுத்தப் பொய். விசா விண்ணப்பத்துக்குக் கேட்கும் ஆவணங்களில் ரயில் பாஸ் கிடையாது. பயணத் திட்டம், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல் போன்றவற்றைத்தான் பார்க்கிறார்கள்.

ஜே.ஆர். என்ற ரயில் நிறுவனக் குழுமத்தின் ரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்கு வேண்டிய அளவு சென்றுவர உதவும் இந்த பாஸ் ஒரு காலத்தில் உண்மையிலேயே லாபமானது. ஏழு நாள் சாதாரண வகுப்பு பாஸின் விலை அப்போது 29,650 யென். 2023 அக்டோபரில் அதை ஒரே தாவலில் 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். விலை ஏறியது, ஏஜென்டுகளின் வசனம் மட்டும் மாறவில்லை. பாஸ் விற்றால் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. நீங்கள் ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தால் எதுவும் கிடையாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் கட்டணம் ஒருவருக்குச் சுமார் 14,000 யென். ஒசாகாவிலிருந்து டோக்கியோ திரும்ப ஏறக்குறைய 14,700. மகளுக்குப் பாதிக் கட்டணம். கியோட்டோ – ஒசாகா சாதாரண ரயிலில் அரை மணி நேரம்தான், அறுநூறு யெனுக்குள் முடிந்துவிடும். மூவருக்கும் சேர்த்து 75,000 யெனுக்குள் அடங்குகிற பயணம் இது. மூவரின் பாஸுக்கு ஆகும் விலை 1,25,000 யென்.

‘நகருக்குள் சுற்றவும் பாஸ் உதவுமே’ என்று அவர் அடுத்து சொல்வார். டோக்கியோவில் யமனோதே போன்ற ஜே.ஆர். பாதைகளில் செல்லும், ஆனால் சுரங்க ரயில் நடத்தும் இரண்டு நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை. கியோட்டோவில் நிலைமை இன்னும் மோசம். தங்கக் கோயிலான கின்ககுஜிக்கு நகரப் பஸ்ஸில்தான் போயாக வேண்டும், அதில் இந்த பாஸ் செல்லாது. ஒரே ஊரில் ஆளுக்கொரு தண்டவாளம் போட்டு ஓட்டும் நாடு அது. டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷன் ஒன்றில் மட்டும் ஐந்து நிறுவனங்களின் ரயில்கள் வந்து போகின்றன. வெளியூர்க்காரனுக்கு இதில் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல். டோக்கியோ – ஒசாகா தடத்தில் மிக வேகமானதும் அடிக்கடி கிடைப்பதும் நொசோமி ரயில்தான். ஐம்பதாயிரம் யென் கொடுத்தவருக்கும் அதில் சும்மா இடம் இல்லை. தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. டோக்கியோ – கியோட்டோவுக்கு மட்டும் அது 4,960 யென். வேண்டாம் என்றால் மணிக்கு இரண்டு ரயில் என்ற அளவில் வரும் ஹிகாரிக்காகக் காத்திருக்க வேண்டும். பாஸ் வைத்திருப்பவர் காத்திருப்பார். டிக்கெட் எடுத்தவர் முதலில் வரும் நொசோமியில் ஏறிப் போய்விடுவார்.

பாஸ் கட்டுப்படியாகிற ஒரு திட்டமும் இருக்கிறது. உங்கள் ஏஜென்ட் நிச்சயம் அதைத்தான் எடுத்துவிடுவார். டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா, ஒசாகா, மீண்டும் டோக்கியோ என்று ஏழு நாளுக்குள் வட்டமடித்தால் தனித்தனி டிக்கெட்டின் விலை ஒருவருக்கு ஐம்பதாயிரத்தைத் தொட்டுவிடும். தொடும், அவ்வளவுதான். அப்போதும் ஏழு நாள் என்பது காலண்டர் நாள் கணக்கு. இரவு எட்டு மணிக்கு முதல் ரயில் ஏறினாலும் ஒரு முழு நாள் கழிந்துவிடும். அந்த வட்டத்துக்குக்கூட, கியோட்டோ, ஒசாகா அடங்கிய கன்சாய் வட்டாரம் முதல் ஹிரோஷிமா வரை மட்டும் செல்லுபடியாகும் ஐந்து நாள் வட்டார பாஸை வாங்கிக்கொண்டு, டோக்கியோவுக்குப் போக வர தனி டிக்கெட் எடுத்தால் செலவு குறையும். ஆகவே ஹிரோஷிமா பெயரைச் சொல்லி யாராவது மடக்கினால் மசியாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து புறப்படும்படி எடுங்கள். சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகச் சென்றால் இது எளிது. திரும்பும் ஷின்கான்சென் செலவே இருக்காது.

ஊருக்குள் சுற்ற முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் சுய்கா, இகோகா போன்ற பயணக் கார்டு ஆளுக்கொன்று போதும். டோக்கியோவில் வாங்கிய கார்டு கியோட்டோ பஸ்ஸிலும் ஒசாகா சுரங்க ரயிலிலும் செல்லும். ஸ்டேஷன் இயந்திரத்தில் அதற்குப் பெரும்பாலும் ரொக்கம்தான் போட வேண்டும் என்பதால் ஆயிரம் யென் நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள்.

ஷின்கான்சென் டிக்கெட்டை ஸ்டேஷன் கவுண்டரிலேயே வாங்குங்கள். அதிகாரபூர்வத் தளம்போலத் தோற்றம் காட்டி, அதே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்கும் இடைத்தரகர் தளங்கள் இணையத்தில் ஏராளம். நவம்பரில் சாதாரண நாளில் இடம் கிடைக்காமல் தவிக்க மாட்டீர்கள். பெரும்பாலும் பயணச் சீட்டு, விரைவு ரயில் சீட்டு என்று இரண்டு துண்டுகளாகத் தருவார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைவாயில் இயந்திரத்தில் விட வேண்டும். இயந்திரத்தின் மறுமுனையில் சீட்டுகள் வெளியே வரும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நீள அகல உயரக் கூட்டுத்தொகை 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், பெரிய பெட்டிக்கான இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கேட்காமல் ஏறினால்தான் 1,000 யென் வாங்குவார்கள்.

இனி உங்கள் முன்பணம். பாஸ் எடுக்கப்பட்டுவிட்டதா என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் அவருக்கு எந்தச் செலவும் ஆகவில்லை. முழுத் தொகையையும் கேட்டு வாங்குங்கள். எடுத்திருந்தாலும், ஜப்பானில் பாஸாக மாற்றிக்கொள்வதற்காகத் தரும் மாற்றுச் சீட்டைப் பயன்படுத்தாமல் இருந்தால், விற்ற இடத்திலேயே கொடுத்து, பிடித்தம் போக மீதிப் பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. எவ்வளவு பிடித்தம் என்பதை வாய்மொழியாக ஏற்காமல் ரசீதோடு காட்டச் சொல்லுங்கள்.