மடியில் குழந்தை, முன்னால் 16 மணி நேரம்

கைக்குழந்தைகளோடு நெடுந்தூர விமானத்தில் போவது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான்கை மட்டும் எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்குத்தான் பதில் நீளம், ஏனென்றால் அதை எழுதிய பெண் இருக்கும் நிலையில் பல வருடங்களுக்கு முன்னால் நானும் இருந்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் கணவர் டல்லாஸில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு விசா வந்துவிட்டது. மகளுக்கு நாலரை வயது, மகனுக்கு 20 மாதம். இரண்டு பேரையும் நான் தனியாகத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சென்னையிலிருந்து தோஹா, அங்கிருந்து டல்லாஸ். இதுவரை நான் விமானத்தில் ஏறியதே இல்லை. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஏறும்போது ஒரு ஸ்பூன் சளி மருந்து கொடுத்துவிடு, பையன் தூங்கிக்கொண்டே வந்துவிடுவான் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். கொடுக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது. தூக்கம் வருகிற அந்த மருந்துகள் சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்யும், தூங்காமல் துள்ளிக்கொண்டு அழும். அதைவிடப் பெரிய ஆபத்து மூச்சு மந்தமாவது. அந்த வகை மருந்தான புரோமெத்தசினை 2 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதன் சீட்டிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்திருக்கிறது. நடுவானில் குழந்தை தூங்குகிறதா, துவண்டு கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல உங்கள் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். வேண்டாம் தங்கச்சி.

அடுத்தது சீட்டு. 2 வயது ஆகும்வரை மடியில் வைத்துக்கொள்ளலாம், டிக்கெட்டும் குறைவு. ஆனால் தோஹாவிலிருந்து டல்லாஸ் 16 மணி நேரத்துக்கு ஒட்டி வரும். 20 மாதப் பையனை மடியிலேயே வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்காரும்போது உங்கள் சாப்பாட்டுத் தட்டை வைக்கக்கூட இடம் இருக்காது. கைக்குழந்தை படுக்க முன்சுவரில் மாட்டித் தருகிற சுவரோரத் தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு, உங்கள் பையன் அதைத் தாண்டியிருப்பான். கடன் வாங்காமல் முடியும் என்றால் அவனுக்கும் ஒரு சீட்டு எடுத்துவிடுங்கள். நகை, புடவை, பெட்டி என்று செலவழிப்பதில் எதையாவது குறைத்துக்கொள்ளலாம். அங்கே போய் அவனுக்கு 2 வயது முடிந்துவிட்டால் திரும்பி வரும்போது எப்படியும் தனிச் சீட்டு எடுத்தாக வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். எங்கே உட்கார்ந்தாலும் நடைபாதை ஓரத்தில் நீங்கள், உள்ளே பிள்ளைகள். சூடான காபியோடு வண்டி போகிற வழியில் குழந்தையின் கை நீண்டுகொண்டிருக்கக் கூடாது.

அப்புறம் புறப்படுகிற நாள். வளைகுடாவுக்குப் போகும் விமானங்கள் நிறைய நள்ளிரவுக்குப் பிறகுதான் சென்னையை விட்டுக் கிளம்பும். திருப்பூரிலிருந்து அன்றைக்கே ரயில் ஏறி, வழியனுப்ப வந்த பத்துப் பேரிடம் கைமாறிக் கைமாறி, அழுது களைத்த குழந்தையோடு விமான நிலையத்துக்குள் போனால் ஏறுவதற்கு முன்பே பாதி தெம்பு போய்விடும். முந்தின நாளே சென்னைக்கு வந்து, சொந்தக்காரர் வீட்டில் மத்தியானம் மூன்று பேரும் ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே போன பிறகு பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள், ஓட விடுங்கள். குழந்தைகளோடு வருகிறவர்களை முதலில் ஏற்றுவார்கள். தனி ஆளாக இரண்டு பேரோடு போவதால் நீங்கள் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள், பையை மேலே வைக்கவும் இடம் பிடிக்கவும் அது வேண்டும்.

கைப்பையை எப்படிக் கட்டுவது என்று விவரமாகவே சொல்கிறேன். முதல் பயணத்தில் கிளம்பி ஒரு மணி நேரத்திலேயே என் மகள் என் மேல் வாந்தி எடுத்துவிட்டாள். அவளுக்கு நாலு மாற்றுடை வைத்திருந்தேன், எனக்கு ஒன்றுகூட இல்லை. அந்த வாடையோடே ஊர் போய்ச் சேர்ந்தேன். அதனால் உங்களுக்கு ஒரு சுடிதார் செட் கண்டிப்பாக. பையனுக்கு ஒரு டயப்பர், கொஞ்சம் ஈரத்துடைப்பான், ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, அழுக்கைப் போட ஒரு காலிக் கவர் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். இப்படி ஆறேழு கவர் தயார் செய்து அடுக்கிவிட்டால் கழிவறைக்குப் போகும்போது ஒன்றை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பெரிய பைக்குள் துழாவுகிற கஷ்டம் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். டயப்பரை வழக்கத்தைவிட இரண்டு மடங்காக வையுங்கள், தோஹாவில் விமானம் தாமதமானாலும் சமாளிக்கலாம்.

மகளுக்குக் கழிவறையைப் பற்றி வீட்டிலேயே சொல்லி வையுங்கள். தண்ணீர் விடும்போது உறிஞ்சுகிற சத்தம் பெரிதாக வரும். தெரியாமல் பயந்துபோன குழந்தை அப்புறம் எவ்வளவு சொன்னாலும் உள்ளே வராது, அடக்கி வைத்துக்கொண்டு வயிறு வலிக்கிறது என்று அழும். மூடியை மூடிவிட்டு, அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்ட பிறகு நீங்கள் பொத்தானை அழுத்துங்கள். நீங்கள் போக வேண்டி வந்தால் பணிப்பெண்ணிடம் கேளுங்கள், தூங்குகிற பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வார்கள். கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடாதீர்கள். உள்ளே காற்று ரொம்ப வறண்டு இருக்கும், பையனுக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு இன்னும் அதிகமாகத் தண்ணீர் தேவை.

சாப்பாட்டுக்கு, பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு என்று தனிச் சாப்பாடு முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும், அதையும் சொல்லி வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பால்பவுடரை வேளைக்கு ஒன்றாக அளந்து போட்டுக்கொண்டால் சுடுதண்ணீர் விமானத்தில் கேட்டு வாங்கலாம். கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள், ஆற வைத்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள். திரவம் 100 மில்லிதான் என்கிற கட்டுப்பாட்டில் குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு, சோதனையில் அதைத் தனியே எடுத்து வைத்துச் சொல்லிவிடுங்கள். டல்லாஸில் இறங்கும்போது மட்டும் பையில் பழம் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. விமானத்தில் கொடுத்த ஆப்பிளாக இருந்தாலும் சரி, சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் உண்டு.

விளையாட்டுக்கு மகளுக்குச் செப்புச் சாமான் நாலைந்து போதும், பையன் வாயில் போட முடியாத அளவாகப் பார்த்து எடுங்கள். அவனுக்குக் காகிதக் கப் பத்து வாங்கிக் கொடுங்கள், அடுக்கித் தள்ளுவான். செல்போனில் பாட்டு, படம் எல்லாம் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; அன்றைக்கு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். குழந்தைக்கான ஹெட்போனை ஒரு வாரம் முன்பே மாட்டிப் பழக்குங்கள்.

தாள்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மூன்று பாஸ்போர்ட், விசா, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல், அவர்களை நீங்கள் அழைத்து வர உங்கள் கணவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கடிதம், டல்லாஸ் முகவரியும் போன் எண்ணும் எழுதின ஒரு காகிதம். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

பையன் அழுவான், கட்டாயம் ஒரு முறையாவது அழுவான். அப்போது சுற்றியிருக்கிறவர்கள் முகத்தைப் பார்க்காதீர்கள், அவன் முகத்தைப் பாருங்கள். பசியா, தூக்கமா, காது வலியா என்று நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் இன்னும் ஐந்து நிமிடம் அழுதால் ஒன்றும் ஆகிவிடாது.

கேள்வி: போன வருடம் கோலாலம்பூர் போனபோது விமானம் இறங்கும் நேரத்தில் என் குழந்தை வீறிட்டு அழுதது. காது வலி என்றார்கள். இந்த முறை லண்டன் போகிறோம். கிளம்பும்போது காதில் வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டுப் பஞ்சு வைத்துவிட்டால் போதும் என்கிறார் மாமியார்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: எண்ணெயும் பஞ்சும் நிற்பது செவிப்பறைக்கு வெளியே. வலி வருவதோ உள்ளே இருக்கிற அழுத்தத்தால். அதனால் அவற்றால் பலன் இல்லை, எண்ணெய் விடுவதே நல்லதில்லை.

நடப்பது இதுதான். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டியில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அரை மணி நேரத்தில் இறங்கினால் காது அடைக்கும் இல்லையா, அதேதான். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று சுலபமாக வெளியே வந்துவிடும். இறங்கும்போது வெளியே இருந்து உள்ளே போக வேண்டும், அதற்கு மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குப் போகிற குழாய் திறக்க வேண்டும், விழுங்கினால்தான் அது திறக்கும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலானது.

ஆகவே பாலை இறங்கும் நேரத்துக்கு மிச்சம் வையுங்கள். பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரியும்வரை காத்திருக்காதீர்கள், தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே கொடுக்கத் தொடங்குங்கள். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. பெரிய குழந்தை என்றால் உறிஞ்சுகுழாய் போட்ட டம்ளரில் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. சளி பிடித்திருந்தாலோ, காதில் சீழ் வந்திருந்தாலோ டிக்கெட் தேதி எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். காய்ச்சல் மருந்தும் குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நியூஜெர்சியிலிருந்து மதுரை வந்து மூன்று நாள் ஆகிறது. மூன்று வயது மகள் இரவு 2 மணிக்கு எழுந்து விடியும்வரை விளையாடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருக்கிறோம்.
– வாசகர், மதுரை

பதில்: மதுரையில் இரவு 2 மணி என்றால் குளிர்காலத்தில் நியூஜெர்சியில் மாலை 3:30. அவள் உடம்புக்கு அது பலகாரம் சாப்பிட்டு விளையாடுகிற நேரம். பசியோடுதான் எழுந்திருப்பாள், பாலோ வாழைப்பழமோ கொடுங்கள், ஆனால் விளக்கைப் போடாதீர்கள், டிவி வேண்டாம், தாத்தா பாட்டியும் எழுந்து வந்து கொஞ்ச வேண்டாம். காலையில் நல்ல வெயிலில் வாசலில் விளையாட விடுங்கள். பகலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்புங்கள், அழுதாலும் எழுப்புங்கள். தூக்கம் சரியாவதற்கு ஒரு வாரம், சில குழந்தைகளுக்குப் பத்து நாள்கூட ஆகும். முடிந்தால் காதுகுத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்பது புரிகிறது, ஆனாலும் தூக்கம் கெட்டுச் சோர்ந்திருக்கும் குழந்தையை மாமன் மடியில் அழுத்திப் பிடித்துக் காது குத்துவதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

கேள்வி: பிரசவத்துக்கு வந்த மகளோடும் ஐந்து மாதப் பேத்தியோடும் நானும் லண்டன் போகிறேன். பத்து மணி நேரத்துக்கு மேல் என்கிறார்கள். குழந்தை தூளியில்தான் தூங்கும். நான் என்ன உதவி செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்களைப் போல ஒருவர் கூட வருவது உங்கள் மகளுக்குப் பெரிய பலம் அம்மா. டிக்கெட் எடுக்கும்போதே சுவரோரத் தொட்டில் வேண்டும் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு விமானத்தில் சில தொட்டில்கள்தான் இருக்கும். பேத்தியின் எடையையும் சொல்லச் சொல்லுங்கள்.

அந்தத் தொட்டில் ஆடாது, தட்டையாக இருக்கும். தூளியில் சுருண்டு தூங்கிப் பழகிய குழந்தைக்கு அது பிடிக்காது. இன்றிலிருந்தே பகல் தூக்கம் ஒன்றை மட்டும் பாயில் பழக்குங்கள். தூளி கட்டுகிற அந்தப் பழைய சேலையைத் துவைக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதை நாலாக மடித்து அடியில் இழுத்து விரித்து, நுனிகளை ஓரத்தில் நன்றாகச் செருகிவிடுங்கள், முகத்துக்குப் பக்கத்தில் துணி தளர்ந்து கிடக்கக் கூடாது. அந்த வாசனைக்கு அவள் கண் அசருவாள். விமானம் குலுங்கிப் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற குழந்தையையும் தூக்கித்தான் ஆக வேண்டும், அதற்காகப் பணிப்பெண்ணிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மகள் சாப்பிடும்போது பேத்தியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் அப்புறம் சாப்பிடலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டாம், முறை போட்டுத் தூங்குங்கள், முதல் முறை மகளுக்கு. இறங்கும்போது எல்லோரும் எழுந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள், நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். கூட்டம் போன பிறகு மகள் பைகளை இறக்கட்டும், பேத்தி உங்கள் தோளில் இருக்கட்டும்.