மொரீஷியஸ் காட்டுக்குள் போவதற்கு முன்: கேள்வி பதில்

பிளாக் ரிவர் காட்டில் பல வருடமாக நடக்கிறேன், விருந்தாளிகளையும் கூட்டிப்போகிறேன். தைப்பூசத்துக்கு ஊரிலிருந்து வந்தவர்களும் இங்கேயே பிறந்தவர்களும் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து: அண்ணா, முதுமலை, வால்பாறை எல்லாம் சுற்றியவன் நான். உங்கள் காட்டில் என்ன மிருகம் பார்க்கலாம்?

தம்பி, யானை, புலி, காட்டெருமை என்று எதையும் எதிர்பார்த்து வராதீர்கள். வௌவாலைத் தவிர இந்தத் தீவுக்கே சொந்தமான நிலவாழ் பாலூட்டி ஒன்றுகூடக் கிடையாது. மான் கண்ணில் பட்டால் அது 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மானின் வழி, குரங்கும் கப்பலில் வந்ததுதான்.

இங்கே பறவைகளுக்காக வர வேண்டும். மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்று ஒரு சின்ன வல்லூறு, உலகத்தில் வேறெங்கும் இல்லை, 1974இல் காட்டில் தெரிந்தவரை நான்கே நான்கு இருந்தன. இளஞ்சிவப்புப் புறாவும் 1990 வாக்கில் பத்துப் பக்கம் வந்துவிட்டது. வேல்ஸிலிருந்து வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு உழைத்த நம் ஊர்ப் பிள்ளைகளும் முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சை வளர்த்து, எலியையும் பூனையையும் பிடித்துப் பிடித்துத்தான் இன்றைக்குப் புறா நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அதில் ஒன்று தலைக்கு மேல் கிளையில் வந்து உட்கார்ந்தால் எனக்கு இப்போதும் பேச்சு வராது.

எக்கோ கிளியும் அப்படி மீண்டதுதான். ஆனால் உங்கள் ஊர்ப் பச்சைக்கிளியும் இங்கே பெருகிக் கிடக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். எக்கோவுக்குப் பச்சை அடர்த்தி, வால் குட்டை.

ரோஸ் ஹில்லிலிருந்து: சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள், ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த வழி?

பெத்ரேன், அக்கா. கிராண்ட் பாசின் ஏரிக்கோயிலுக்குக் கும்பிடப் போகிறோமே, அதற்குப் பக்கத்தில்தான். வெயில் ஏறுவதற்கு முன்னால், ஆறு ஆறரைக்கெல்லாம் அங்கே நின்றுவிடுங்கள், பத்து மணிக்குப் போனால் பறவைகள் அடங்கிவிடும். அங்கிருந்து மக்காபே வழியாகப் பள்ளத்தாக்கின் அடிவரை சுமார் 10 கிலோமீட்டர், முதல் பாதி ஏறக்குறைய சமதளம், பிறகு செங்குத்தாக இறங்கும், மழை பெய்திருந்தால் செம்மண் வழுக்கும். கீழே ஒரு வண்டியை முன்னாலேயே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அவ்வளவையும் திரும்ப ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மக்காபேயில் பள்ளத்தாக்கு தெரியும் இடம்வரை போய், அதே வழியில் திரும்பட்டும். அங்கே நின்று கீழே பார்த்தால் நீண்ட வால் வைத்த வெள்ளைக் கடற்பறவை, நாம் பாய்-ஆன்-க்யூ என்கிறோமே, அது காலுக்குக் கீழே பறக்கும். பாட்டு வேண்டாம், பேச்சையும் குறையுங்கள். ஒரே இடத்தில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வேகமாக நடப்பவர்கள் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

குவாத்ர் போர்னிலிருந்து: கோயாவ் த சின் பறிக்க அந்தப் பக்கம் வருடா வருடம் போகிறோம். அதுவும் காடுதானே?

பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்றுதான் நானும் சின்ன வயதில் நினைத்தேன். அந்தச் சிவப்புக் கொய்யா பிரேசில் பக்கத்துச் செடி. குரங்கு, பன்றி, பறவை எல்லாம் தின்று விதையைப் பரப்ப, கம்பு கம்பாக நெருங்கி முளைத்து, அடியில் வேறு எதையும் வளர விடுவதில்லை. தீவின் பழைய காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியது 2 சதவீதம்கூட இல்லை. நீங்கள் நடக்கும் இடத்தில் ஒரே மாதிரி வழுவழுப்பான மெல்லிய தண்டுகளாக இருந்தால் அது கொய்யாப் புதர். பல வகை மரங்கள், உயரம் குறைவு, கிளையெல்லாம் பாசி, ஆர்க்கிட், பெரணி, நடுவே கருங்காலி என்றால் பழைய காடு. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம்.

பறித்துச் சாப்பிடுங்கள், உப்பு மிளகாயோடு எனக்கும் பிடிக்கும். கொட்டையை மட்டும் பாதையோரம் துப்பாதீர்கள், பழைய காட்டுக்குள் நுழையும்முன் செருப்பு, ஷூ அடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுங்கள். விதை அதில்தான் உள்ளே போகிறது. கிராண்ட் பாசினில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள், அந்தக் குரங்குதான் கூட்டில் ஏறி முட்டையைத் தின்கிறது.

சென்னையிலிருந்து: பாம்பு பயம் உண்டா? தனியாகப் போகலாமா?

விஷப்பாம்பு காட்டில் இல்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சின்னப் பாம்பு உண்டு, அது ஒன்றும் செய்யாது. கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள், டெங்கு, சிக்குன்குன்யா இங்கேயும் வந்திருக்கிறது. தனியாக வேண்டாம். பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கினால் பாதை தெரியாது, போன் சிக்னலையும் நம்ப முடியாது. நவம்பரிலிருந்து மே நடுப்பகுதிவரை சைக்ளோன் காலம், எச்சரிக்கை முதல் நிலை வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

போர்ட் லூயிஸிலிருந்து: எழுபது வயது அம்மாவும் இரண்டு குழந்தைகளும் கூட வருகிறார்கள். மலை ஏற முடியாது.

அப்படியென்றால் மாயேபூர் பக்கம் இல் ஓ ஸேக்ரெத். 26 ஹெக்டேர் தீவுதான், கரையிலிருந்து படகில் சில நிமிடம், வழிகாட்டியோடுதான் விடுவார்கள். பாதை சமதளம். சேஷெல்ஸின் அல்தாப்ரா தீவு வகை ராட்சத ஆமைகள் அங்கே சுதந்திரமாக நடக்கும். நம் தீவின் ஆமைகளை மனிதர்கள் தின்றே அழித்துவிட்டதால், அவை செய்த வேலையை இவை செய்கின்றன: கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுகின்றன. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள், முளைத்த கன்றைக் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். இளஞ்சிவப்புப் புறாவும் அங்கே உண்டு. முன்பதிவு செய்யுங்கள், தொப்பி வேண்டும், அம்மாவுக்குப் படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் கை கொடுக்க ஒருவர் கூடவே இருக்கட்டும்.